தாத்தாவின் கியூ: பழுதுபார்ப்பதா, மீட்டமைப்பதா?

சென்ற சித்திரையில் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஓர் இளைஞர் பழைய வேட்டியில் சுற்றிய பில்லியர்ட்ஸ் கியூ ஒன்றை, அதாவது மேசையில் பந்தை அடிக்கும் கோலை, என் கடைசல் பட்டறைக்கு எடுத்து வந்தார். இரயில்வேயில் வேலை பார்த்த அவருடைய தாத்தா ஆடிய கியூ அது. தாத்தா போன பிறகு இருபது ஆண்டுகள் பரணில் கிடந்திருக்கிறது. ஒரே துண்டாகச் செய்த கியூ; தண்டு ஆஷ் மரம், பிடி கருங்காலி, நுனியில் ஃபெரூல் எனப்படும் பித்தளைப் பூண், பிடியின் பக்கவாட்டில் எழுத்து மங்கிப்போன ஒரு பேட்ஜ். “தாத்தா கையில எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்ணா, ஆனா நானும் இதுல ஆடணும்” என்றார். பழைய கியூ வைத்திருக்கும் எல்லோருடைய சங்கடமும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். எதைச் செய்ய வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று முடிவெடுக்க நான் பின்பற்றும் வழியை இங்கே எழுதுகிறேன்.

பழுதுபார்த்தல் என்பது ஆட்டத்துக்குத் தடையாக இருப்பதை மட்டும் சரிசெய்வது. மீட்டமைத்தல் என்பது செய்தவர் கையிலிருந்து வெளிவந்த நாளில் கியூ எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு, அதே வகைப் பொருள்களையும் அதே வகைப் பூச்சையும் கொண்டு திருப்புவது. நம் ஊரில் இவை இரண்டும் அல்லாத மூன்றாவது வேலைதான் அதிகம் நடக்கிறது. கதவுக்கும் கட்டிலுக்கும் பாலிஷ் போடுபவரிடம் கியூவைக் கொடுத்து, உப்புத்தாளால் முழுக்கத் தேய்த்து, பளபளவென்று வார்னிஷ் அடித்து வாங்கிவிடுகிறார்கள். அதனால் ஆட்டமும் மேம்படுவதில்லை, பழைமையும் மிஞ்சுவதில்லை. அப்படி வந்த கியூக்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் சுரண்டிய மரத்தை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

ஆகவே ஒவ்வொரு குறையைப் பார்க்கும்போதும் நான் முதலில் கேட்பது, இது வளர்கிற பழுதா, நின்றுபோன தேய்வா என்பதுதான். பிளவு, பசை விட்ட இணைப்பு, ஆடுகிற ஃபெரூல், மரத்தை அரிக்கும் பூச்சி ஆகியவை நாளுக்கு நாள் வளரும். அவற்றை நிறுத்தியே ஆக வேண்டும். நுனியில் தேய்க்கும் சாக்பீஸின் நீலக்கறை, பிடியில் கைபட்டுக் கறுத்த இடம், மேசை விளிம்பில் இடித்த பழைய வடு, மங்கிய பூச்சு ஆகியவை தம் வேலையை முடித்துக்கொண்டவை. அவை அப்படியே இருப்பதால் கியூவுக்கு ஒரு கேடும் இல்லை. இந்தப் பிரிவினையைச் செய்துவிட்டாலே பாதி முடிவு தானாகக் கிடைத்துவிடும்.

கையில் இருப்பது என்ன

வேலூரும் ஆற்காடும் இராணிப்பேட்டையும் ஆங்கிலேயப் படைகள் தங்கிய ஊர்கள். அரக்கோணமும் ஜோலார்பேட்டையும் இரயில்வேயால் வளர்ந்த ஊர்கள். ஸ்னூக்கர் ஆட்டமே 1875-இல் ஜபல்பூரில் இராணுவ அதிகாரிகள் நடுவில் உருவாகி, பின்னர் உதகையில் விதிகள் வகுக்கப்பட்டுப் பரவியது. இந்த வரலாற்றின் காரணமாக, வட ஆற்காட்டுப் பக்கம் பரணிலிருந்து இறங்கும் பழைய கியூக்கள் பெரும்பாலும் பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் கியூக்களாகவே இருக்கின்றன. 1799-இல் தொடங்கிய தர்ஸ்டன், 1836-இல் தொடங்கிய பரோஸ் அண்ட் வாட்ஸ், 1885-இல் லிவர்பூலில் தொடங்கிய பெரடான் போன்ற ஆங்கிலேய நிறுவனங்களின் பேட்ஜ் கண்ணில் பட்டால், அந்தப் பேட்ஜையும் அதைச் சுற்றியுள்ள பூச்சையும் தொடாதீர்கள்.

பூல் என்ற அமெரிக்க மேசைப் பந்தாட்டத்தின் கியூ என்றால் அங்கே இருக்கும் உறவினர் வழியாக வந்ததாக இருக்கலாம். தண்டு தடிமனாக, நுனி 13 மில்லிமீட்டர் அளவில், ஃபெரூல் வெள்ளையாக, பிடியில் நூல் சுற்றி, நடுவில் மரை போட்டு இணைக்கும்படி இருக்கும். அதில் ஒரு சிறப்புச் செய்தி உண்டு. அமெரிக்கக் கியூ கைவினைஞர்களில் பெரும் புகழ் பெற்ற ஜார்ஜ் பலபுஷ்கா (1912–1975), பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்லிஸ்ட் என்ற சாதாரணக் கிளப் கியூக்களை மூலப்பொருளாக எடுத்துத்தான் தம் கியூக்கள் பலவற்றைச் செய்தார். அதனால் பார்வைக்கு எளிமையாக இருக்கும் ஒரு பழைய டைட்லிஸ்டைக்கூடச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். பிடியில் தேய்ந்த எழுத்து இருக்கிறதா என்று பார்க்க, இருட்டறையில் டார்ச்சைக் கியூவோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத முத்திரை நிழலாக எழும்பி நிற்கும்.

பிடியும் தண்டும் கூடும் ஸ்ப்ளைஸையும் பாருங்கள். கருங்காலியின் முனைகள் மழுங்கி வளைந்து முடிந்தால் அது கையால் இழைத்து ஒட்டியது. ஊசி போலக் கூர்ந்து நீண்டு முடிந்தால் இயந்திரத்தில் வெட்டியது. கைவேலையில் நான்கு முனைகளும் ஒரே உயரத்தில் நிற்காமல் போகலாம். அதைக் குறை என்று நினைத்துச் சமப்படுத்தச் சொல்லிவிடாதீர்கள்.

கடப்பைக் கல் மேல் ஒரு சோதனை

வீட்டுச் சமையலறையில் இருக்கும் கடப்பைக் கல் மேடை இதற்குப் போதும். மேலே ஒரு தூசியும் இல்லாமல் துடைத்து, கியூவை வைத்து மெதுவாக உருட்டி, கண்ணைக் கல் மட்டத்துக்குத் தாழ்த்தி, அடியில் தெரியும் ஒளிக்கோட்டைக் கவனியுங்கள். கியூ ஒரு பக்கம் மெலிந்து வருவதால் எங்காவது இடைவெளி தெரிவது இயல்பு. உருளும்போது அந்த இடைவெளி ஒரே அளவில் நின்றால் கியூ நேராக இருக்கிறது. இடைவெளி திறந்து திறந்து மூடினால் வளைந்திருக்கிறது. இரண்டு துண்டுக் கியூவாக இருந்தால், முதலில் தனித்தனியாகவும் பிறகு பூட்டியும் உருட்டுங்கள். தனித்தனியே நேராக உருண்டு, பூட்டியதும் ஆடினால், மரத்தின் மேல் பழி இல்லை. இணைப்பு முகத்தில் அழுக்கு அடைத்திருக்கும் அல்லது முகம் சாய்ந்திருக்கும். ஒரு துணியால் துடைத்தே தீர்ந்த ‘வளைவுகளை’ நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது காதால் செய்யும் சோதனை. கியூவை நடுவில் இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, பிடியின் அடியைத் தரையில் இலேசாகத் தட்டுங்கள். ஒரே கட்டியான ஓசை வந்தால் நல்லது. கிரீச்சென்றோ கலகலவென்றோ ஓர் அதிர்வு கேட்டால், ஃபெரூல், ஸ்ப்ளைஸ், இணைப்பு, அடியில் இருக்கும் எடைத் திருகு இவற்றில் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. பிறகு நகத்தை ஸ்ப்ளைஸ் கோட்டின் குறுக்கே ஓட்டுங்கள். இரண்டு மரமும் ஈரத்துக்கு ஒரே அளவில் உப்பிச் சுருங்குவதில்லை என்பதால், எல்லா இடத்திலும் சீராக ஒரு சிறு மேடு தட்டுவது வயதின் அடையாளம்தான். ஓரிடத்தில் மட்டும் நகம் விழுந்து, அங்கே கறுப்பாக அழுக்குக் கோடும் தெரிந்தால், பசை விட்டிருக்கிறது. கடைசியாக, கியூவை ஒரு வெள்ளைத் தாளின் மேல் ஓர் இரவு வைத்திருங்கள். காலையில் மாவு போலத் தூள் கொட்டியிருந்தால் மரம் உளுக்கத் தொடங்கியிருக்கிறது. அந்தக் கியூவை மற்றக் கியூக்களோடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது.

வளைவும் கத்திரி வெயிலும்

எங்கள் ஊரில் கோடையில் வெயில் 40 டிகிரியை எளிதாகத் தாண்டும். கத்திரியில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரணின் சூட்டைச் சொல்லவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் அதே வீட்டில் சுவர் ஓதம் காக்கும். ஆஷ், மேப்பிள் இரண்டும் குளிர்ந்த நாட்டு மரங்கள். இந்த ஏற்ற இறக்கத்தில் ஈரத்தை விட்டும் வாங்கியும் அசைந்துகொண்டே இருக்கும். ஆகவே பரணிலிருந்து இறக்கிய அன்றைக்கே வளைவைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. வெயில் படாத உள்சுவரில், நுனியில் பிடித்தபடி நேராகத் தொங்கவிட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி உருட்டிப் பாருங்கள். மூலையில் சாய்த்து வைத்தால் அந்தச் சாய்வே வளைவை வளர்க்கும்.

ஒரு காகிதம் நுழையும் அளவு வளைவு ஆட்டத்தில் தெரியவே தெரியாது. ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவு இருந்தாலும், ஒவ்வொரு முறையும் ஒரே பக்கத்தை மேலே வைத்துப் பிடிக்கப் பழகினால் ஆட முடியும். ஆஷ் தண்டின் மேல் அம்புக்குறி போல ஓடும் வரிகளைப் பார்த்துப் பிடிக்கும் பழக்கம் ஆட்டக்காரர்களுக்கு எப்படியும் உண்டு. அதற்கு மேல் வளைந்திருந்தால், நிமிர்த்தித் தருகிறேன் என்று சொல்பவரிடம் பழைய கியூவைக் கொடுக்காதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு தண்டை அனலில் காட்டி நிமிர்த்தினேன். ஒரு வாரம் நேராக நின்றது. ஆடி மாதம் முடிவதற்குள் பழைய வளைவு திரும்பியதோடு, சூடுபட்ட ஸ்ப்ளைஸின் பசையும் விட்டுப்போயிற்று. மரைபோட்ட பூல் கியூவுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது: அதே மரைக்குப் பொருந்தும் புதுத் தண்டு ஒன்றைச் செய்துகொண்டு அதில் ஆடுங்கள், பழைய தண்டை உறையில் வைத்துக் காப்பாற்றுங்கள். அங்குலத்துக்கு எத்தனை மரை என்பதை அளந்து சொல்வது அவசியம். 14 மரையும் 18 மரையும் பார்வைக்கு ஒன்று போலத் தோன்றினாலும், மாற்றித் திருகினால் பிடிக்குள் இருக்கும் மரை அழிந்துவிடும்.

தண்டைத் தேய்ப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். “கொஞ்சம் தேய்த்தால் கறை போய்விடும்” என்பார்கள். உருண்டையான ஒரு கோலின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. 10 மில்லிமீட்டர் தடிமன் உள்ள இடத்தில் அரை மில்லிமீட்டரைத் தேய்த்து எடுத்தால், பார்வைக்கு வேறுபாடே தெரியாது, ஆனால் அந்த இடத்தின் விறைப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தாத்தா அடித்த அடி அந்தக் கியூவில் இனி வராது. என்னிடம் வரும் எந்தத் தண்டையும் வெர்னியர் அளவுகோலால் நான்கு இடத்தில் அளந்து எழுதிவைத்த பிறகுதான் கையிலேயே எடுக்கிறேன்.

தோல், பித்தளை, பசை, பூச்சு

டிப், அதாவது பந்தைத் தொடும் நுனியில் ஒட்டிய தோல் வில்லை, மாற்றுவது பழுதுபார்த்தலும் அல்ல, மீட்டமைத்தலும் அல்ல. செருப்புக்கு வார் மாற்றுவது போன்ற பராமரிப்பு. தயங்காமல் மாற்றலாம். ஆம்பூரும் வாணியம்பாடியும் பக்கத்தில் இருப்பதால், அங்கே கிடைக்கும் தோலையே வெட்டி ஒட்டிக்கொள்ளலாமே என்று பலர் கேட்கிறார்கள். ஷூவுக்குப் பதனிட்ட தோல் வளைந்து கொடுப்பதற்காகச் செய்தது. டிப்புக்கோ அழுத்தி இறுக்கிய தோல் வேண்டும், இல்லாவிட்டால் நாலு ஆட்டத்தில் காளான் போல விரிந்துவிடும். ஆகவே டிப்பாகவே விற்பதை வாங்குங்கள். ஒட்டிய பிறகு மேற்பரப்பை, இப்போது புழங்கும் சிறிய ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு வளைவுக்கு ஏற்ப உருட்டிவிட்டால் போதும். டிப்பின் ஓரத்தைச் சீவும்போது பிளேடு ஃபெரூலைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பித்தளை ஃபெரூல் ஆடினால் கழற்றித் திரும்ப ஒட்டலாம். புதியது போடத் தேவையில்லை. பழைய பூல் கியூவில் வெள்ளை ஃபெரூல் இருந்தால் மட்டும் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் அது யானைத் தந்தமாக இருக்கலாம். டிப்பைக் கழற்றியதும் தெரியும் வட்ட முகத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும் மெல்லிய வளைகோடுகள் தெரிந்தால் தந்தம் என்று கொள்ளலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி இந்தியாவில் தந்த வணிகத்துக்குத் தடை இருக்கிறது. ஆப்பிரிக்க யானைத் தந்தமும் 1991-இல் வந்த திருத்தத்தால் அதற்குள் அடங்கிவிட்டது. அப்படிப்பட்ட கியூவை விற்கவோ, வேலைக்கென்று வெளியூருக்கு அனுப்பவோ நினைப்பவர்கள் முதலில் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஸ்ப்ளைஸ் விட்டிருந்தால், முன்பு எந்தப் பசை போட்டார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. விளிம்பில் பிதுங்கிக் காய்ந்த பசைமேல் வெந்நீர் ஒரு சொட்டு விட்டுச் சற்றுப் பொறுத்துத் தொட்டால், அது இளகிப் பிசுபிசுத்தால் வச்சிரம். தச்சர்கள் தலைமுறை தலைமுறையாக உபயோகித்த விலங்குப் பசைதான் அது. வச்சிரத்தின் மேல் புது வச்சிரம் நன்றாகப் பிடிக்கும். பாட்டிலில் வரும் வெள்ளைப் பசை அதன் மேல் சரியாகப் பிடிக்காது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சிறு கிண்ணம் வைத்து, கொதிக்க விடாமல் 60 டிகிரி அளவில் உருக்கி, பிளவுக்குள் மெல்லிய தகட்டால் செலுத்தி, பழைய சைக்கிள் ட்யூபை நீளமாக நறுக்கி இழுத்துச் சுற்றி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுகிறேன். ட்யூப் எல்லாப் பக்கமும் ஒரே சீராக நெருக்கும், மரத்தில் தடம் பதியாது. நாளை இதைவிடத் தேர்ந்த கை ஒன்று இதைப் பிரிக்க விரும்பினால், வச்சிரம் பிரிந்து கொடுக்கும். எப்பாக்ஸி என்ற செயற்கைப் பசை பிரியாது. பழைய கியூவில் எப்பாக்ஸியை நான் ஊற்ற மறுப்பதற்கு இதுதான் காரணம்.

பூச்சைப் பொறுத்தவரை, வெளியே தெரியாத ஓரிடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றிப் பாருங்கள். இளகினால் அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர் என்ற வகைப் பூச்சு. இரண்டுக்கும் அசையாவிட்டால் பிற்காலத்தில் யாரோ அடித்த பூச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். அரக்குப் பாலிஷ் இன்னும் மரத்தில் நிற்கிறது என்றால் அதைச் சுரண்டாமல், உலர்ந்த துணியாலும், பிறகு நன்றாகப் பிழிந்த ஈரத்துணியாலும் துடைத்து, உடனே காயவைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பூச்சு இல்லாமல் எண்ணெய் மட்டும் பூசிய ஆஷ் தண்டாக இருந்தால் ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் உலராது, அழுக்கைத்தான் சேர்க்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், அது உலரும்போது தானே சூடாகித் தீப்பிடிக்கக்கூடியது. தண்ணீரில் நனைத்தோ, வெளியில் ஒற்றையாக விரித்துப் போட்டோ காயவையுங்கள். கோடையில் இதில் மிகுந்த கவனம் வேண்டும்.

முடிவு எடுக்கும் இடம்

விற்க நினைப்பவர்கள் தூசி துடைத்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, அளவும் எடையும் எழுதி, அத்தோடு நிறுத்த வேண்டும். வாங்குகிற சேகரிப்பாளர் தாமே தீர்மானிக்க விரும்புவார். புது வார்னிஷைப் பார்த்தால் அதற்கடியில் எதை மறைத்தார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். நினைவுப் பொருளாக வைத்துக்கொள்பவர்கள் வளரும் பழுதுகளை மட்டும் நிறுத்தினால் போதும். ஆட நினைப்பவர்கள் அதோடு டிப்பையும் ஃபெரூலையும் சரிசெய்துகொள்ளலாம். பேட்ஜும் முத்திரையும் இல்லாத பழைய கிளப் கியூவாக இருந்தால் இவ்வளவு தயக்கம் தேவையில்லை. தாராளமாகப் பழுதுபார்த்து ஆடுங்கள். எந்த நிலையிலும் செய்யக் கூடாதது, பேருந்தில் கொண்டுபோக வசதி என்று ஒற்றைத் துண்டுக் கியூவை அறுத்து மரை போடுவது. ஸ்னூக்கர் விதி மூன்று அடிக்குக் குறையக் கூடாது என்று மட்டுமே கேட்பதால், நீளத்தைக் குறைத்துவிடலாம் என்ற எண்ணமும் சிலருக்கு வருகிறது. குறைத்தால் எடைச்சமநிலை மாறிவிடும், கியூவும் வேறாகிவிடும்.

அப்படியானால் முழு மீட்டமைப்பு எப்போது சரி? முன்பு யாரோ பழைய பூச்சை அழித்துவிட்டிருக்க வேண்டும். கியூவை எந்த நிறுவனம், எந்த வகையில் செய்தது என்பது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். அதே வகைக் கியூவின் தெளிவான படமோ மற்றொரு கியூவோ ஒப்பிடக் கிடைத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடினால் அழிந்ததை மீட்பது நியாயமான வேலை. ஒன்று குறைந்தாலும் நாம் செய்வது ஊகம். தண்டு நடுவில் முறிந்துபோய்ப் பிடி மட்டும் நன்றாக இருந்தால், புதுத் தண்டு ஒட்டித் தரும் கைவினைஞர்கள் உண்டு. ஆனால் அது பழைய பிடி கொண்ட புதுக் கியூ என்று ஒப்புக்கொண்டே செய்ய வேண்டும். யாரிடம் கொடுத்தாலும், தொடக் கூடாத இடங்களை ஒரு தாளில் எழுதி, கியூவோடு சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். வாயால் சொன்னது பட்டறையில் மறந்துபோகும். நான் ஒரு பட்டறைக்காரனாக இதைச் சொல்கிறேன்.

சத்துவாச்சாரி இளைஞரின் கியூவில் ஒரே ஒரு ஸ்ப்ளைஸ் முனை விட்டிருந்தது, ஃபெரூல் சற்றே ஆடியது, நாணயம் நுழையாத அளவுக்கு மெல்லிய வளைவு இருந்தது. முனையை வச்சிரத்தால் ஒட்டினேன். பழைய ஃபெரூலையே திரும்பப் பொருத்திப் புது டிப் போட்டேன். அரக்குப் பாலிஷ் பேட்ஜைச் சுற்றி இன்னும் நின்றதால் அதைத் துடைத்ததோடு விட்டேன். பிடியில் நான்கு விரல் பட்டுப் பட்டுக் கறுப்பு மங்கிச் செம்பழுப்பாகத் தேய்ந்த இடம் ஒன்று இருந்தது. அதற்கும் பாலிஷ் போட்டுவிடலாமா என்று முதலில் கேட்டவர், கியூவைப் பிடித்துக் குனிந்தபோது தம் விரல்கள் அந்த இடத்திலேயே விழுவதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார். மழைக்காலம் கழிந்து தை பிறந்ததும் கடப்பைக் கல்லில் ஒருமுறை உருட்டிப் பார்க்க எடுத்து வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.